பிள்ளைக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள்

பலெர்மோவில் பல்கலைக்கழகம் போகும் எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை இப்போதே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆகஸ்ட் 10 கிட்ட வந்துவிட்டது. முதலாம் ஆண்டு முடிக்கும் மாணவி அந்தத் தேதிக்குள் 25 கிரெடித்தி, அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகள், சேர்த்திருந்தால்தான் இரண்டாம் ஆண்டுக்கு அரசின் உதவித்தொகை கேட்கலாம். மூன்றாம் ஆண்டுக்கு 80 வேண்டும். இது பலெர்மோவுக்கு மட்டும் உரிய சட்டம் அல்ல. 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த அரசாணை இத்தாலி முழுவதுக்கும் வைத்த அளவு.

ஒரு ஆண்டுக்கு உரியது 60 கிரெடித்தி. அதில் 25 என்பது பெரிய தொகையாகத் தெரியாது. மூன்று அல்லது நான்கு பாடங்கள்தான். ஆனால் எந்தச் சோதனைகள் ஆகஸ்ட் 10க்குள் அடங்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஜனவரி, பெப்ரவரியில் ஒரு தவணை. ஜூன், ஜூலையில் இன்னொன்று. செப்டெம்பரில் எழுதுவது இந்தக் கணக்குக்கு உதவாது. பிள்ளை ஜனவரித் தவணையைத் தவறவிட்டிருந்தால் இனி எல்லாப் பாரமும் இந்த ஜூன், ஜூலையின் மேல்தான். உதவித்தொகை பெற்ற முதலாம் ஆண்டு மாணவி நவம்பர் 30 ஆகியும் 20 கிரெடித்தி எட்டாவிட்டால் வாங்கிய பணத்தையே திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வீட்டு வேலை செய்து வாழும் குடும்பத்துக்கு அந்தக் கடிதம் எப்படி இறங்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

குறைந்துபோகும் சில கிரெடித்திகளை நிரப்ப போனஸ் என்று ஒன்று உண்டு: இரண்டாம் ஆண்டுக்கு 5, மூன்றாம் ஆண்டுக்கு 12. எங்கள் பிள்ளைகள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. 21 கிரெடித்தியோடு நிற்கிற பிள்ளை தனக்கு எதுவும் கிடையாது என்று நினைத்து விண்ணப்பமே போடாமல் விடுகிறாள். போடுங்கள். போனஸைக் கேட்டுப் போடுங்கள்.

நான் பணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டு வெளியே வந்து, தன்னைப் போன்ற பெண்பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே மேசையில் படித்து, ஒருத்தியின் நோயை மற்றவள் பார்த்து, இரவு இரண்டு மணிக்கு ஒரு கணக்கை இன்னொருத்தியிடம் கேட்கிற வாழ்வு இருக்கிறதே, அதன் கதவும் இந்தக் கிரெடித்திகளால்தான் திறக்கிறது. பலெர்மோவில் மாணவர் உதவித்தொகையையும் விடுதிகளையும் பார்க்கும் அமைப்பான எர்சு நடத்தும் விடுதிகளைப் பார்த்திருப்பீர்கள். வியாலே தெல்லே ஷியென்ஸேயில் சான்தி ரொமானோ இருக்கிறது. பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கப் போகும் நாம் எல்லோரும் சான் சவேரியோ விடுதியின் பக்கமாகத்தான் நடந்திருக்கிறோம். அங்கே கட்டில் கிடைப்பது வெளியூர்ப் பிள்ளைகளுக்குத்தான். ஆகவே இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைக்கு அந்தக் கட்டில் பொலோஞாவிலோ மிலானோவிலோ தொரினோவிலோ தேவைப்படும். கத்தானியாவிலிருந்தும் மெஸ்ஸினாவிலிருந்தும் வருகிற தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே தேவைப்படும். முதலாம் ஆண்டில் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துக் கட்டில் கொடுக்கிறார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து பிள்ளை என்ன படித்தாள் என்று பார்க்கிறார்கள். குடும்ப வருமானத்தைச் சொல்லும் ஈசே பத்திரம் எவ்வளவு ஏழ்மையைக் காட்டினாலும் கிரெடித்தி இல்லாவிட்டால் ஒக்டோபரில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் அமெரிக்காவின் சொராரிட்டி எனும் மாணவியர் மன்றங்களின் வீடியோக்களைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் மாதத்தில் பெண்கள் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும் அந்தக் காட்சி 2021இல் உலகம் முழுவதும் ஓடியது. பாட்டும் சிரிப்பும் தெரிகிறது. அந்தக் கதவின் உள்ளே என்ன நடக்கிறது என்பது வீடியோவில் இல்லை. அங்கே முதலில் பார்ப்பது புள்ளியை. 4க்கு 2.5, சில இடங்களில் 3 என்று ஒவ்வொரு மன்றமும் தனக்கென ஒரு கோடு வைத்திருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகப் புள்ளி இன்னும் இல்லை என்றால் பள்ளிப் புள்ளியை எடுத்துப் பார்ப்பார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் அவள் எவ்வளவு அன்பானவள், எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள் என்பது எண்ணப்படுவதற்கு முன்பே பெயர் அடிபட்டுவிடும். ஏன் என்று அவளுக்குச் சொல்லவும் மாட்டார்கள். தன் முகமோ உடையோ பேச்சோ பிடிக்கவில்லை என்று நினைத்து அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருப்பாள். பல பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு வீட்டின் சராசரியையும் ஊரறியப் போடுகிறார்கள். குறைந்த புள்ளியோடு வரும் ஒருத்தி அந்தச் சராசரியைக் கீழே இழுப்பாள் என்ற பயம்தான் அந்தக் கதவைக் காக்கிறது. உள்ளே போன பிறகும் புள்ளி விழுந்தால் கண்டிப்பும் விலக்கலும் உண்டு.

புள்ளி இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. 2013இல் அதே அலபாமாவில் மிக உயர்ந்த பள்ளிப் புள்ளிகளோடு வந்த ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையரின் சொராரிட்டிகள் எதுவும் சேர்க்கவில்லை. மாணவர் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. உள்ளே இருந்த பெண்களில் சிலரே வாய் திறந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவி சேர்க்கையை மீண்டும் திறக்கச் சொல்லி உத்தரவிட்டார். அந்த ஒரு சில பெண்கள் வாய் திறந்ததை நான் இங்கே முக்கியமாகச் சொல்கிறேன், பின்னால் அதற்கு வருவேன். கறுப்பினப் பெண்கள் இப்படிக் கதவுகளில் காத்து நிற்காமல் தங்களுக்கென்றே கட்டியதும் உண்டு. வாஷிங்டனில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா அப்படிப்பட்டது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அந்த மன்றத்தில் 1986இல் சேர்ந்தார். அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் அவர் தேர்தலில் நின்றபோது அந்த அக்காமாரும் தங்கச்சிமாரும் நாடு முழுவதும் அவருக்காக எழுந்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். இருபது வயதில் சேர்ந்து படித்த பெண்கள் அறுபது வயதில் ஒருவருக்கொருவர் துணை. எங்கள் பிள்ளைகளுக்கும் அது வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

பலெர்மோவில் சொராரிட்டி கிடையாது. ஆனால் புள்ளி பார்த்துச் சேர்க்கும் இல்லங்கள் உண்டு. கொல்லெஜியோ தி மெரித்தோ என்பார்கள். இத்தாலிய அமைச்சு அங்கீகரித்த இந்த இல்லங்களில் ஒன்று ஆர்ச்செஸ், இங்கே நெடுநாளாக நடக்கிறது. எழுத்தும் நேர்முகமும் வைத்து எடுக்கிறார்கள். வந்த பிறகு சோதனைகளை அந்தந்த ஆண்டிலேயே முடிக்க வேண்டும், சராசரி பொதுவாக 30க்கு 27 இருக்க வேண்டும் என்பது இப்படிப்பட்ட இல்லங்களின் வழக்கம். 18இல் தேர்ச்சி என்கிற நாட்டில் 27 என்பது உயரம். உதவித்தொகையோடு இடம் கொடுப்பதும் உண்டு, ஆகவே பணமில்லை என்று விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

இங்கேதான் எங்கள் பிள்ளைகள் விழுகிற குழி இருக்கிறது. பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். இத்தாலியில் சோதனையில் கிடைத்த வோத்தோவை, அதாவது புள்ளியை, வேண்டாம் என்று மறுக்கலாம். பேராசிரியர் 22 என்கிறார், பிள்ளை தலையை ஆட்டி மறுத்துவிட்டு அடுத்த சோதனை நாளான அப்பெல்லோவில் 28 எடுக்கிறேன் என்று எழுந்து வருகிறாள். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அது துணிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த 22இன் பின்னால் 9 கிரெடித்தி இருந்தது. ஜூலையில் அதை விட்டவள் ஆகஸ்ட் 10இல் 16 கிரெடித்தியோடு நிற்கிறாள். சராசரியைத் துரத்தப் போய் உதவித்தொகையையும் கட்டிலையும் இழந்துவிட்டாள். சராசரியைப் பார்க்கும் இல்லம் ஒன்று, கிரெடித்தியைப் பார்க்கும் அரசு ஒன்று. இரண்டுக்கும் இரண்டு கணக்கு. உங்கள் குடும்பம் எர்சுவின் பணத்தில் நிற்கிறது என்றால் 25 நிரம்பும் வரை எந்த வோத்தோவையும் மறுக்காதீர்கள். 20ஐ வாங்குங்கள். 18ஐயும் வாங்குங்கள். 25க்கு மேலே போன பிறகு மறுப்பதா இல்லையா என்று யோசிக்கலாம், அப்போது அது உங்கள் உரிமை. சராசரியை இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் உயர்த்த வழி இருக்கிறது. தவறிப்போன ஆகஸ்ட் 10க்கு வழி இல்லை.

இனி அம்மாமாரே, அப்பாமாரே, உங்களிடம் வருகிறேன். உங்களில் பலர் காலை ஆறு மணிக்கு சிஞ்ஞோரா வீட்டுக்குப் போய் இரவு வருகிறீர்கள். வயோதிபரின் கட்டிலருகே இரவு முழுவதும் விழித்திருக்கிறீர்கள். எண்பதுகளில் இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்காகவே உழைத்தீர்கள் என்பதை மறுக்க எனக்கு நாக்கு வராது. ஆனால் உங்கள் பிள்ளையின் ஒரு கிழமையை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வதிவிட அனுமதியான சொஜோர்னோவைப் புதுப்பிக்கப் பொலிஸ் குவெஸ்தூராவுக்கு உங்களோடு வந்து மொழிபெயர்ப்பவள் யார்? ஈசே எடுக்கக் காஃப் கந்தோரில் வரிசையில் நிற்பவள் யார்? தம்பியைப் பள்ளியில் இருந்து கூட்டி வருபவள், ஆஸ்பத்திரியில் அப்பாவின் ரிப்போட்டை வாசித்துச் சொல்பவள், பக்கத்து வீட்டு மாமிக்குத் தொலைபேசி பில்லைப் பற்றிப் பேசிக் கொடுப்பவள் யார்? இந்த வேலைகளை அண்ணனிடம் எத்தனை முறை சொன்னீர்கள்? அதோடு அவளுக்குப் பதினெட்டு முடிந்த ஆண்டு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே பிறந்து தொடர்ந்து வாழ்ந்த பிள்ளை பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையிலுள்ள ஒரே ஒரு ஆண்டில் குடியுரிமை கேட்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த அலைச்சலும் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டும் ஒன்றாக வந்து விழுகின்றன. அவள் படிக்கவில்லை என்று சொல்வதற்கு முன், எப்போது படித்திருக்க முடியும் என்று கேளுங்கள்.

புள்ளி என்றால் எங்கள் சனத்துக்கு நெஞ்சு நடுங்குவது ஏன் என்று எனக்குத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் தரப்படுத்தல் வந்தது. தமிழில் எழுதிய பிள்ளை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடுதல் புள்ளி எடுத்தாக வேண்டும் என்றார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். அந்தக் காயம் ஒரு தலைமுறையின் வாழ்வைத் திருப்பியது. அதனால்தான் ஒரு பிள்ளை 30க்கு 23 என்று சொல்லும்போது எங்கள் முகம் மாறுகிறது. ஆனால் அந்த அநீதியைச் செய்தது ஒரு அரசு. இங்கே இருக்கும் அரசமைப்புச் சட்டமோ, வசதி இல்லாவிட்டாலும் திறமையும் தகுதியும் உள்ளவர் படிப்பின் உச்சிவரை போகும் உரிமை உடையவர் என்று தன் 34ஆம் உறுப்பில் எழுதி வைத்திருக்கிறது. சட்டம் திறந்து வைத்த வாசலை எங்கள் வீட்டு வேலைகள் அடைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி 1824இலேயே வந்தது. பெண்பிள்ளை வீட்டுக்கு வெளியே தங்கிப் படிப்பது எங்களுக்கு நேற்று வந்த பழக்கம் அல்ல.

ஆகவே இந்த ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவளுடைய நேரத்தைத் தொடாதீர்கள். குவெஸ்தூரா நாளை மாற்ற முடியாது என்றால் அண்ணனோ மாமாவோ போகட்டும். தம்பியைப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதம் கூட்டி வரட்டும், அடுத்த மாதம் நீங்கள் அவளுக்குச் செய்யுங்கள். வீட்டில் இருப்பது ஒரே மேசை என்றால் இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்த மேசை அவளுடையது, தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும். சமையல் கட்டாயம் அவள்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஜூலை 14ஆம் தேதி இரவு சாந்த றொசாலியாவின் ஊர்வலம் வருகிறது. சைவர்களும் கத்தோலிக்கரும் சேர்ந்து அந்தத் தாயைக் கும்பிடுகிறோம், ஞாயிறுகளில் மொந்தே பெல்லெக்ரினோ ஏறுகிறோம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. 15ஆம் தேதிக்குப் பிறகு அவளுக்குச் சோதனை இருந்தால் அந்த வாரம் அவளை வீட்டில் விட்டுவிட்டு அவளுக்காக நீங்கள் ஏறுங்கள்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. சோதனைகளை எல்லாம் முடித்துவிட்டதாக வீட்டுக்குச் சொல்லி, பட்டம் வாங்கும் நாளையும் குறித்து, உறவினருக்கு அழைப்பும் போன பிறகு, உண்மையில் பாடங்கள் மிச்சம் இருந்த இளைஞர்கள் அந்த நாளுக்கு முன்னால் உயிரை விட்ட செய்திகள் இத்தாலியப் பத்திரிகைகளில் கடந்த ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. ஒரு முறை சொன்ன பொய்யிலிருந்து வெளியே வர வழி தெரியாமல், அதற்கு மேல் இன்னொரு பொய்யை அடுக்கி, கடைசியில் ஒரு நாளின் முன்னால் தனியாக நின்றவர்கள். எங்கள் வீடுகளில் அப்படி நடக்காது என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளே, ஒரு சோதனை தவறினால் அன்றே சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் சித்தியிடம் சொல்லுங்கள், தமிழ்ப் பள்ளி ரீச்சரிடம் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவருக்கு இலவசமாகப் பேசிக் கேட்கும் உளவள ஆலோசனைச் சேவை இருக்கிறது, அங்கே போவது வெட்கம் அல்ல. உயிரை விடலாமா என்ற நினைப்பு வந்துவிட்டால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 112க்கு அழையுங்கள்.

பெற்றவர்களே, பிள்ளை அப்படிச் சொல்லும் நாளில் நீங்கள் என்ன முகம் காட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கத்தினால் அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள். அடுத்த அப்பெல்லோ எப்போது, என்ன புத்தகம் வேண்டும், யார் உதவலாம் என்று மட்டும் கேளுங்கள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் எல்லோருக்கும் முன்னால் ஒரு பிள்ளையிடம் எத்தனை புள்ளி, எப்போது பட்டம் என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். கேட்பவருக்கு அது பேச்சு. அந்தப் பிள்ளை அன்றிரவு தூங்குவதில்லை.

கடைசியாக, உள்ளே போய்விட்ட அக்காமாரிடம். 27க்கு மேல் எடுத்தவர்கள், விடுதியில் கட்டில் கிடைத்தவர்கள், மெரித்தோ இல்லத்தில் இடம் பிடித்தவர்கள், உங்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். உங்களிடம் கேட்பதும் அதிகம். அலபாமாவில் வாய் திறந்த அந்தப் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள். வெளியே நிற்பவளுக்காகப் பேச உள்ளே இருப்பவளுக்குத்தான் முடியும். ஒரு தங்கச்சியைப் பற்றி, அவளுக்குப் புள்ளி போதாது, அவள் சரிவர மாட்டாள் என்று யாராவது சொன்னால், அவள் எத்தனை வேலைக்கு நடுவே அந்த 21ஐ எடுத்தாள் என்று நீங்கள் சொல்லுங்கள். உங்கள் குறிப்புகளை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எந்தப் பேராசிரியர் வாய்மொழியில் என்ன கேட்பார், எந்த அப்பெல்லோவில் கூட்டம் குறைவு, எர்சுவின் விண்ணப்ப அறிவிப்பான பாந்தோ எப்போது வரும், போனஸை எந்தப் பெட்டியில் குறிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாணவர்களுக்கு உதவ மூத்த மாணவர்களையே பல்கலைக்கழகம் தூத்தோராக வைத்திருக்கிறது. அவர்களிடம் எப்படிப் போவது என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருத்திக்கு ஒருத்தி என்று எடுத்துக்கொண்டால் போதும்.

மாணவர் உணவகமான மென்சாவில் தனியாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்காரும் தமிழ்ப் பிள்ளையை உங்கள் மேசைக்குக் கூப்பிடுங்கள். இந்த வாரம் அவள் எந்தச் சோதனைக்குப் பதிந்திருக்கிறாள் என்று கேளுங்கள். பதியவில்லை என்றால் அங்கேயே அவளுடைய கைத்தொலைபேசியில் பதியவையுங்கள். பதிவு சோதனைக்குச் சில நாள் முன்பே மூடிவிடும். அவளுடைய தொலைபேசி எண் உங்களிடம் இல்லை என்றால் ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கு வரும் அவளுடைய அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.